பார்க்க ஒருவருமில்லை என்று ரவுட்டர் முடிவுகட்டிய காலை

நெளுக்குளத்தில் என் வீட்டு அறைக்குள் இருந்துகொண்டே நான் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். இணையத்தில் வருகிற தரவுத் துண்டுகளான பக்கெற்றுகளில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே விழுத்திவிடுவது என்று விதி எழுதுவதுதான் வேலை. அண்மையில் நடந்த ஒரு கூட்டத்தில், கூட வேலை செய்கிற ஒருவர் கொட்டாவி விட்டபடியே ஒரு யோசனை சொன்னார். பக்கெற்றின் முகவரித் தலைப்பில் விருப்பத்துக்குரிய, அதாவது வேண்டுமென்றால் மட்டும் நிரப்புகிற, புலங்கள் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கெற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுத்திவிடலாமாம். விருப்பத்துக்குரியதுதானே, இல்லாவிட்டால் என்ன குடியா முழுகப்போகிறது என்றார்.

எனக்கு விறுவிறுவென்று கோபம் ஏறியது. பொதுவாகவே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு இன்னும் நீண்டுவிட்டது. விருப்பத்துக்குரியது வேறு, வேண்டாதது வேறு என்று அந்த மனிதருக்கு ஒரு பாட்டம் ஏசி முடித்துவிட்டு, கமராவை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் வைத்தேன். கேத்தில் கொதிக்கிற வரைக்கும் கிளிநொச்சியில் வேலை செய்த அந்தப் பழைய மாடியும், என் முதலாளி அண்ணையும் அவருடைய மனைவி அக்காவும் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடித்தவை என்பதை இப்போதுதான் ஒழுங்காக உணர்கிறேன்.

வவுனியாவில் படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. அரிசிக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஒபிஸ் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்கள் கொம்பியூற்றர்களில் தவிட்டுத் தூசி படியும். முதலாளியை ஊரே அண்ணை என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். வயதைப் பார்த்தால் என் அப்பாவுக்கு மூத்தவர். முந்தி ரேடியோவும் ரீவியும் திருத்தினவர். பிறகு கேபிள் ரீவி இழுத்து, அதே கம்பங்களில் இணையமும் கொடுக்கத் தொடங்கினார். அந்த இணையத்தோடேயே ரவுட்டர் வழியாகப் போகிற ஒரு சொந்தச் சனலும் எங்களுக்கு இருந்தது. மரண அறிவித்தல், விதைப்புக் கூட்டம், குளத்துக் கதவு திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி, கோயில் திருவிழா எல்லாம் அதில்தான் போகும். வெளியூர்ச் சனல்களில் என்ன நாடகம் ஓடினாலும், மரண அறிவித்தல் நேரத்துக்குச் சனம் எங்கள் சனலுக்குத் திரும்பிவிடும்.

அண்ணைக்கு மேலதிகம் என்ற சொல்லே ஆகாது. மேசையில் ஒரு பேனையும் ஒரு குறடும் மட்டும்தான் இருக்கும். வயர் கட்டிய பட்டியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்தாலும் நறுக்கிவிடுவார். மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கக் கண்ணாடிதான், மற்றதைக் கழற்றிவிட்டார். பொலிஸ் மறித்தால் மட்டும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் பூட்டுவார். போனில் கதைத்தால், "ம். சரி." அவ்வளவுதான், கட் பண்ணிவிடுவார். இப்படியும் ஒரு மனுசனா என்று கேட்டால், அத்தனை தரம் இடம்பெயர்ந்தவனுக்கு எது தேவை எது தேவையில்லை என்று தெரியும் என்பார். அந்தப் பதிலுக்கு மேல் யாராலும் ஒன்றும் கதைக்க ஏலாது.

அவருடைய மனைவி அதற்கு நேர் எதிர். அவாவை அக்கா என்று கூப்பிடுவேன். கண்டாவளையில் இருந்து பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவா. வந்தால் உடனே போகமாட்டா, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைப்பா. ஒரு மீன்குழம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், மீன் வாங்கின இடம், அங்கே கண்ட சனம், அந்தச் சனத்தின் மருமகளின் வருத்தம் என்று சுற்றிச் சுற்றிப்போய்க் கடைசியில்தான் குழம்பு கொதிக்கும். அண்ணை முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். அக்கா போன பிறகு, கேட்காததுபோல இருந்த மனுசன் அந்த மருமகளுக்கு இப்போ எப்படியாம் என்று என்னிடம் விசாரிப்பார்.

அக்காவுக்கு அவரில் ஒரேயொரு பெரிய மனக்குறை இருந்தது. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது, "போட்டு வாறன்" என்று சொல்லமாட்டார். படலையைத் திறப்பார், போவார். எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டுகிற எவரும் சொல்லுகிற சொல் அது. கடைக்குப் போகிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். போறன் என்று வாயால் சொல்லக்கூடாது, வாறன் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். திரும்பி வருவதைச் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம். அண்ணைக்கு அதுவும் மேலதிகம்.

"ஒரு சொல்லுச் சொன்னால் வாய் தேஞ்சு போமோ?" என்று அக்கா ஒபிசில் வைத்தே கேட்பா. அவர் சிரிக்கக்கூட மாட்டார்.

அது வெறும் கோபமில்லை என்று ஒருநாள் தெரிந்துகொண்டேன். அண்ணை கம்பம் பார்க்கப் போயிருந்த நேரம் அக்காவே சொன்னா. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே அக்காவையும் மகளையும் விட்டுவிட்டு ரொட்டி சுட மா தேடி வெளிக்கிட்டவர், வழமைபோல ஒரு சொல்லும் சொல்லாமல் போயிருக்கிறார். திரும்பி வரவில்லை. எத்தனையோ மாதம் கழித்து வேறொரு முகாமில்தான் ஆளைக் கண்டுபிடித்தார்களாம். உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத அந்த மாதங்களில் அக்கா அம்மனுக்கு நேர்த்தி வைத்தா. மனுசன் உயிரோடு வந்து சேர்ந்தால், உயிருள்ளவரை வருசா வருசம் திருவிழாவில் பாற்செம்பைத் தலையில் எடுத்துக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுவேன் என்ற நேர்த்தி. வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து ஒரு வருசமும் அவா தவறவில்லை. "அண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருந்தால் இவ்வளவு காலம் எடுத்திராது," என்று அதை ஒரு கணக்குத் தீர்வுபோல அவா சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு வருசம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டா. ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கட்டிலை விட்டு இறங்க ஏலாது. மகளோ கல்யாணம் கட்டிக் கடல் கடந்து இருக்கிறா. அக்காவின் அறைக்கு ரீவியும் எங்கள் சனல் வருகிற பெட்டியும் பூட்டுவதற்காக நான் போயிருந்த அன்று, நேர்த்தியைப் பற்றித்தான் வீட்டில் கதை. அடுத்த வருசம் சேர்த்துச் செய்யலாமே என்று ஒரு பக்கத்து வீட்டு மனுசி சொல்ல, அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டா. தோள் குலுங்கியது.

"நான் எடுக்கிறன்," என்றார் வாசலில் நின்ற அண்ணை.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கோயில் வீதியில் கம்பம் நடுவதற்குத் தவிர வேறு எதற்கும் அந்தப் பக்கம் போகாத மனுசன் அவர். நெற்றியில் திருநீறு நான் கண்டதே இல்லை. அக்கா மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, நம்பாத கண்ணால் அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"பிள்ளை, நீ எனக்கு இந்த ரீவியில காட்ட வேணும். இந்த மனுசன் மூண்டு சுத்துச் சுத்தச் சொன்னால் ஒண்டு காணும் எண்டு வந்திடும். இது அவரின்ர உயிருக்கு வைச்ச நேத்தி. குறையோட முடிஞ்சால் எனக்குப் பிறகு நித்திரை இல்லை. நான் கண்ணால காணவேணும்."

பகிடியாகத் தொடங்கினவாவுக்கு முடிக்கையில் குரல் உடைந்துபோனது. நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகக் காட்டுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கிழமைகளில் எங்கள் வலையமைப்புக்கும் ஒரு வியாதி. திடீர் திடீரென்று ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். தேடிப் பார்த்ததில், வெளியிலிருந்து யாரோ ஒரு வகைப் பக்கெற்றுகளை அள்ளி வீசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இணையத்தில் எதுவும் சின்னச் சின்னப் பக்கெற்றுகளாகத்தான் போகும். ஒவ்வொன்றின் தலையிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கட்டாயம் எழுதியிருக்கும். ரவுட்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வழிக்குத் தள்ளிவிடும். அந்தத் தலைப்பின் கடைசியில், வேண்டுமென்றால் மட்டும் எழுத இன்னும் கொஞ்ச இடம் உண்டு. போகிற வழியை எல்லாம் குறித்துக்கொள், இன்ன வழியால்தான் போக வேண்டும், இப்படி ஏதாவது எழுதலாம். எழுதியிருந்தால் ரவுட்டர் அதை ஒரு பக்கமாக எடுத்து வைத்து, நின்று வாசிக்க வேண்டும். அப்படி நின்று வாசிக்க வேண்டியதை ஒரேயடியாகக் கொண்டுவந்து கொட்டினால் பாவம், அந்தப் பெட்டிக்குத் தலை வெடித்துவிடும்.

திருவிழா அன்று காலை நான் ஒபிசைத் திறந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கா. செம்பெடுக்கப் போகிற நாளிலும் மனுசன் ஒரு சொல்லும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டதாம். தன் உயிருக்கு வைத்த நேர்த்தியைத் தானே தீர்க்கப் போகிறவர், இன்றைக்கு ஒருநாள் சொன்னால் என்னவாம். அவா பொரிந்துகொண்டிருக்கும்போதே அண்ணை மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, வெறுங்கால். எனக்கு ஆளை மட்டுக்கட்டவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அண்ணை, அக்கா கோவமா நிக்கிறா. சொல்லாமல் வந்திட்டீங்களாம்," என்றேன்.

"பின்னேரம் வருவன்தானே. அதுக்கு என்ன சொல்லிறது," என்றுவிட்டுக் கொம்பியூற்றருக்கு முன்னால் குந்தினார்.

அவர் வந்தது ஒரு விதி போடுவதற்காக. இன்றைக்கு ஒளிபரப்பு நடுவில் ரவுட்டர் படுத்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. தலைப்பில் மேலதிகம் எது இருந்தாலும் அந்தப் பக்கெற்றை விழுத்திவிடு என்று எழுதினார். நல்ல விதிதான். ஆனால் அதை வெளி வாசலுக்கு மட்டும் போடாமல், எங்கள் வீடுகளின் பக்கத்துக்கும் சேர்த்து எல்லா வாசலுக்கும் போட்டார். அண்ணை, வீட்டுப் பக்கம் ஏன், கள்ளன் வருவது வெளியிலிருந்துதானே என்று கேட்டேன். முன்வாசலுக்கு ஒரு சட்டம் பின்கோடிக்கு ஒரு சட்டம் என்று எதற்கு இரண்டு வேலை என்றார். விருப்பத்துக்குரியது என்று எழுதிக் கிடந்தால் அது இல்லாமலும் ஓடும் என்பதுதானே அர்த்தம் என்றும் சொன்னார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகப் போகப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. ஆனால் எங்கே பிழை வரும் என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

வீடுகளுக்குப் போகிற வயரில் பூட்டியிருந்த ரீவியைப் போட்டுப் பார்த்தார். கோயில் வாசல் வெளிச்சமாகத் தெரிந்தது. "பார், ஓடுது," என்றார். பிறகு அந்த ரீவியை அணைத்தார். கோயில் கமராவிலிருந்து நேரே வருகிற சின்னத் திரை என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது எதற்கு என்பது அவர் எண்ணம். போனையும் என் மேசையில் வைத்துவிட்டார். வேட்டியில் போனுக்கு எங்கே இடம்.

போகும்போது, வழமைபோல, ஒன்றும் சொல்லவில்லை.

சின்னத் திரையில் மேளக்காரர் வந்தார்கள். அந்தக் கமராவுக்குச் சத்தம் இல்லை, மைக்கைத் தேவையில்லை என்று கழற்றியதும் அவர்தான். பெண்கள், பிள்ளைகள், தலையில் வைத்த செம்பை இரண்டு கையாலும் பிடித்த ஒரு நீண்ட வரிசை. அதற்குள் ஒரு தலை உயரமாக அண்ணை. நெற்றி நிறையத் திருநீறு. நான் கதிரையை விட்டு எழும்பியே நின்றுவிட்டேன். அக்கா இப்போ என்ன பாடுபடுவா என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோசம் பொங்கியது.

அந்தநேரம் போன் அடித்தது.

"பிள்ளை, ரீவியில ஒண்டும் இல்லை. கறுப்பாக் கிடக்கு."

"இல்லை அக்கா, இஞ்ச தெரியுதே..."

"இஞ்ச இல்லை எண்டு சொல்லுறன். வெளிக்கிட்டாச்சோ? அவர் நிக்கிறாரோ?"

போன் காதில் இருக்க, கண் திரையில் இருந்தது. அண்ணை கமராக் கம்பத்துக்கு நேரே வந்ததும் நின்றார். பின்னால் வந்த மனுசி முட்டிக்கொண்டு தள்ளாடினா. தலையில் செம்பு சரியாமல் கழுத்தை அசைக்காமல், கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் கமராவைப் பார்த்தார். வாய் அசைந்தது. வாறன்.

ஒரு சொல்தான். நான் பிழையாகக் காணவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறமாதிரி வாயைத் திறந்து சொன்னார். அதன்பிறகு நடந்தார்.

"என்ன பிள்ளை, பேசாமல் நிக்கிறாய்?" என்றா அக்கா காதுக்குள்.

அவா காண வேண்டியதை நான் கண்டுகொண்டு நிற்கிறேன். பொறுங்கோ அக்கா, இப்ப வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அவர் அணைத்துவிட்டுப் போன ரீவியைப் போட்டேன். கறுப்பு. வேறு வீடுகளிலிருந்தும் போன் அடிக்கத் தொடங்கியது. கமரா ஓடுகிறது, ரவுட்டர் வரை படம் வருகிறது, அங்கிருந்து வெளியே போகவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சனலை ரவுட்டர் சும்மா எல்லா வீட்டுக்கும் அனுப்பாது. இடைக்கிடை, ஆராவது பார்க்கிறீங்களோ என்று வீடுகளைப் பார்த்துக் கேட்கும். ரீவிப் பெட்டிகள் ஓம், பார்க்கிறோம் என்று ஒரு சின்னப் பக்கெற்றை அனுப்பும். அந்த ஓம் என்ற பக்கெற்றின் தலைப்பில்தான் அந்த விருப்பத்துக்குரிய புலம் இருக்கிறது. வழியில் இருக்கிற ரவுட்டர் நின்று என்னைப் பார்க்கட்டும் என்று எழுதியிருக்கும். அண்ணையின் விதி அத்தனை ஓமையும் வாசலிலேயே விழுத்திவிட்டது. காலையில் படம் தெரிந்தது, அதற்கு முந்திச் சொன்ன ஓமை ரவுட்டர் இன்னும் மறக்காததால். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பார்க்க ஒருவருமில்லை என்று அது முடிவுகட்டிவிட்டது. கண்டாவளையில் ஒரு கட்டிலில் கிடந்து ஒரு மனுசி கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறா என்று அதற்கு எப்படித் தெரியும்.

விதியை எடுக்க வேண்டும். பாஸ்வேர்ட் அண்ணையிடம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்குத் தெரிவது மேலதிகம். அவருடைய போனோ என் மேசையில். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் அதே விதியோடுதான் எழும்பும். கோதாரி என்று வாய்விட்டே திட்டினேன்.

திரையில் அவர் இரண்டாவது சுற்று வந்தார். வெறுங்காலில் வீதி மணல் சுட்டிருக்க வேண்டும், நடை மாறியிருந்தது. கமராவுக்கு நேரே மறுபடியும் நின்றார். மறுபடியும் கண்ணை உயர்த்தினார். வாறன்.

நான் மேசைக்குக் கீழே பூந்துவிட்டேன். வீடுகளுக்கு வயர் பிரிந்துபோகிற சுவிட்ச் அங்கேதான் இருந்தது. நல்லகாலம், கெட்டிக்காரச் சாமான் வேண்டாம் என்று அண்ணை வாங்கிப் போட்ட மொக்குச் சுவிட்ச் அது. யார் கேட்டார்கள் என்று பார்க்காது, வந்ததை எல்லா வாசலுக்கும் கொடுத்துவிடும். கமராப் பக்கத்து வயரை ரவுட்டரிலிருந்து பிடுங்கி நேரே அதில் குத்தினேன். கேட்ட வீட்டுக்கும் கேட்காத வீட்டுக்கும் கோயில் போனது. ஊர் முழுக்க இணையம் இழுபட்டு ஏச்சு வாங்கினது அதன் பிறகு. மேசைக்குக் கீழே கிடந்தபடியே அந்த ரீவியைப் பார்த்தேன். படம் வந்திருந்தது. அண்ணை மூன்றாவது சுற்றையும் முடித்துக் கமராவைத் தாண்டிவிட்டார். அவருடைய முதுகு கோயில் வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அக்கா உடனே போன் அடித்தா. "முதுகைக் கண்டனான் பிள்ளை. மூண்டும் சுத்தினவரோ? உண்மையைச் சொல்லு."

"ஓம் அக்கா. மூண்டும்."

அவா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. இல்லை. நேரே போகிறதை இன்னொருக்காப் பிடித்து வைப்பது இடத்துக்குக் கேடு என்று அண்ணை நிறுத்தியிருந்தார். அதனால் அந்த இரண்டு தரத்தையும் கண்டது உலகத்தில் நான் ஒருத்திதான்.

மத்தியானம் பஸ் ஏறிக் கண்டாவளைக்குப் போனேன். போனில் சொல்லுகிற காரியமில்லை அது. கட்டில் விளிம்பில் இருந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அக்கா நம்பவில்லை. எப்படி நின்றவர், கண் எப்படி இருந்தது, செய்து காட்டு என்றா. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கரியரைத் தூக்கித் தலையில் வைத்து, கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி, வாயை மெல்லத் திறந்து காட்டினேன். அவா சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்து, ஐயோ என்று பிடித்துக்கொண்டா. இன்னொருக்கா என்றா. இன்னொருக்காச் செய்தேன். அந்தமுறை அவா சிரிக்கவில்லை. சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதா. நானும் கரியரைத் தலையில் வைத்தபடியே அழுதேன்.

"அவருக்குச் சொல்லாதை. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் மனுசன் வெக்கத்தில சாகும்வரைக்கும் திரும்பச் சொல்லாது," என்றா பிறகு.

அந்த நேரம் படலை திறந்தது. உள்ளே வந்த அண்ணை என் தலையில் கரியரைக் கண்டு, இதென்ன விசர் வேலை என்றார். பிரசாதத்தை அக்காவின் கையில் வைத்தார். அவா முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. ரீவி நின்றுபோன கதையை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் இரண்டு சுற்றும் யாருக்கும் போகவில்லை, கடைசியில் முதுகு மட்டும்தான் தெரிந்தது என்றேன்.

"ஆர் வெட்டினது?"

"உங்கட விதிதான் அண்ணை."

அவர் வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். அடுத்த நாள் நான் ஒபிசுக்குப் போனபோது, விதியில் அந்த ஓம் பக்கெற்றுகளுக்கு மட்டும் விலக்கு எழுதியிருந்தது. விதிகளுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுவதே வீண் என்று சொல்லுகிற மனுசன், அதன் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். வேணும் என்று. பாஸ்வேர்டையும் எனக்குச் சொன்னார்.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். அடுத்த நாளும் படலையைத் திறந்துகொண்டு பேசாமல்தான் போனாராம். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. மனுசனுக்குப் படலையில் ஒரு கமராப் பூட்டினால்தான் வாய் திறக்கும்போல என்பா. அடுத்த வருசம் அவாவே தடியை ஊன்றி ஊன்றிச் செம்பெடுத்தா. அண்ணை கமராக் கம்பத்துக்குக் கீழே நின்று, வயரைப் பார்க்கிறமாதிரி அவாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லோர் கையிலும் இணையத்தோடு போன் வந்தது. மரண அறிவித்தலையும் சனம் போனில் பார்க்கத் தொடங்கியது. கம்பங்களைப் பெரிய கம்பனி ஒன்று வாங்கிக்கொண்டது, நான் கல்யாணம் கட்டி நெளுக்குளத்துக்கு வந்தேன். அரிசிக்கடைத் தவிட்டு மணம் எங்கேயாவது அடித்தால் இப்போதும் எனக்கு அந்த மாடிதான், கதிரையை இழுத்துப் போட்டுக் கதைக்கிற அக்காதான் ஞாபகம். அப்படி ஒரு ஒபிசில் இனி நான் வேலை செய்யப்போவதில்லை.

போன வருசம் அக்கா போய்விட்டா. நித்திரையிலேயே போனாவாம். நான் காலைப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறையச் சனம். வாய்க்கரிசி போட்டு முடிந்து, பெட்டியை மூடப்போகிற நேரம் அண்ணை குனிந்தார். நான் கால்மாட்டில் நின்றேன். அவருடைய வாய் மெதுவாகத் திறந்து அசைந்தது. சத்தமில்லை. அன்றைக்குச் சின்னத் திரையில் கண்ட அதே வாய்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரும் அதைக் கண்டுவிட்டார். செத்த வீட்டில் வாறன் என்று எவரும் சொல்லுவதில்லை. வந்தவர்கள்கூடச் சொல்லாமல்தான் எழும்பிப் போகவேண்டும். "அண்ணை, இஞ்ச அப்பிடிச் சொல்லக்கூடாது," என்று அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். அண்ணை நிமிர்ந்தார். பெட்டியை மூடினார்கள். பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம்.

ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பி வந்து தலை தோய்ந்த பிறகு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க நான் வெளிக்கிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு அண்ணை வந்து நின்றார்.

"பிள்ளை, அண்டைக்குக் கோயில்ல நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரேல்லை என்ன?"

அத்தனை வருசமாக அந்த மனுசன் இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லாதே என்று அக்கா எனக்குப் போட்ட கட்டளை ஞாபகம் வந்தது. நானே அதை எடுத்துவிட்டேன்.

"சேர்ந்தது அண்ணை. அண்டைக்கே சேர்ந்தது. ரெண்டு தரமும் நான் செய்து காட்டினனான். அக்கா சிரிச்சவா. பிறகு அழுதவா."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓமோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"ம். சரி," என்றார். பஸ்ஸின் ஹோர்ன் சந்தியில் கேட்டது. அவர் திரும்பிப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நானும் ஒன்றும் சொல்லாமல் சந்திக்கு நடந்தேன்.